வதந்திக்கு முன்னாடி நாம போய்ச் சேரணும்: ரங்கூன் தெருவுல கத்துக்கிட்டது

கலவரம் திடீர்னு வெடிச்சிருச்சுன்னு நியூஸ்ல சொல்லுவாங்க. நான் ரங்கூன்ல பொறந்து வளர்ந்தவன், இன்னைக்கும் இங்கேயே மளிகைக்கடை வச்சு பொழைக்கிறேன், நான் பார்த்த வரைக்கும் எதுவும் திடீர்னு வந்தது கிடையாது. பல வாரம் முந்தியே தெருவுக்குத் தெரிஞ்சிரும். டீக்கடையில எப்பவும் ஒண்ணா உக்கார்ற ஆளுங்க வேற வேற மேசைக்குப் போயிருவாங்க. பாய் கடையில வருஷக்கணக்கா எண்ணெய் வாங்கற பர்மாக்கார அம்மா அவர் கடையைத் தாண்டி நடந்து என் கடைக்கு வரும், ஏம்மா இவ்ளோ தூரம்னு கேட்டா பதில் சொல்லாது. முன்ன பின்ன பார்க்காத ரெண்டு பேரு வந்து உக்காந்து இந்த வீடு யாருது அந்தக் கடை யாருதுன்னு விசாரிப்பாங்க. இதெல்லாம் கண்ணுல படும்போதே எதாவது செஞ்சாகணும், ஷட்டரை இழுத்து மூடற அன்னைக்கு யோசிச்சா லேட்டு.

தமிழ்நாட்டுல இருக்கற சொந்தக்காரப் பசங்க போன்ல பேசும்போதெல்லாம் எப்படி மாமா அங்க இருக்கீங்கன்னு கேக்கறாங்க. போன்ல சொல்ல முடியாது, அதான் எழுதறேன். பேரு, தெரு எதுவும் போடல, இன்னைக்கு இருக்கற நிலைமையில அது யாருக்கும் நல்லதில்ல.

நாங்க இருக்கறது அனோரட்டா ரோட்டை ஒட்டின டவுன் பகுதி. நடந்து போற தூரத்துலயே தமிழங்க 1871-ல கட்டின காளி கோயில், சூலியா பள்ளிவாசல், 26ஆம் தெருவுல யூதங்க ஆலயம், அந்தப் பக்கம் சூலே பயாங்கற புத்த கோயில். காளி கோயிலுக்கு பர்மாக்காரங்களும் தேங்காய் பழத் தட்டோட வருவாங்க. நோன்பு மாசத்துல கஞ்சி வாங்க தூக்குவாளியோட நிக்கற வரிசையில பொட்டு வச்ச பிள்ளைங்களும் நிக்கும். அந்தோணியார் கோயிலுக்கு எல்லா மதத்துக்காரங்களும் மெழுகுவர்த்தி ஏத்தப் போவாங்க. இவ்வளவு இருந்தும் இங்க கலவரம் வந்திருக்கு, அதனால நாங்கல்லாம் ஒண்ணாமண்ணா பழகறோம் இங்கெல்லாம் வராதுன்னு யாராவது சொன்னா எனக்குப் பயமாத்தான் இருக்கும்.

தாத்தா 1930 கலவரத்தைப் பார்த்தவரு. துறைமுகத்துல தெலுங்குத் தொழிலாளிங்க ஸ்டிரைக் பண்ணாங்க, கம்பெனிக்காரங்க பர்மாக்காரங்களைக் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க, ஸ்டிரைக் முடிஞ்சதும் பர்மாக்காரங்களை வேணாம்னு அனுப்பினாங்க, அதுல ஆரம்பிச்ச அடிதடி ஊர் பூரா பரவிருச்சு. 1938 ஜூலையில நடந்தது வேற மாதிரி, சில வருஷம் முன்னாடியே அச்சான ஒரு புத்தகத்துல புத்தரைப் பத்தித் தப்பா எழுதியிருக்குன்னு கிளப்பி, ஷ்வேடகான் புத்த கோயில்ல கூட்டம் போட்டு, அங்கிருந்து ஊர்வலமா வந்து சூரத்தி பஜார் பக்கம் ஆரம்பிச்சு நாடு பூரா பத்திக்கிச்சு. அப்புறம் வெள்ளைக்காரன் போட்ட விசாரணை கமிட்டி, பேப்பர்காரங்க எப்படித் தூண்டி விட்டாங்கன்னு தெளிவா எழுதி வச்சிருக்கு. இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். அந்தக் காலத்துல நெல் விலை விழுந்து கீழ் பர்மா விவசாயிங்களோட நிலத்துல சுமார் கால்வாசி கடனுக்காக நம்ம செட்டியார்ங்க கைக்குப் போயிருந்துச்சு. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்துச்சு. ஆனா அடி வாங்கினது மூட்டை தூக்கறவன், டீ ஆத்தறவன், துணி தைக்கற பாய், நிலத்தை எழுதி வாங்கினவன் இல்ல.

1964 எங்க அப்பா வாயால கேட்டது. ராணுவ ஜெனரல் நே வின் ஆட்சி, கடைங்களை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அந்த வருஷம் மே மாசமே 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கிட்டத்தட்ட மூணு லட்சம் பேரு கையில ஒண்ணும் இல்லாம கப்பல் ஏறினாங்க, மெட்ராஸ்ல பர்மா பஜார் போட்டவங்க, அத்தோ வித்தவங்க எல்லாம் அவங்கதான். பாட்டி படுத்த படுக்கையா இருந்ததால அப்பா போகல. இங்க தங்கின எங்க எல்லாருக்கும் 1982 சட்டம் வந்துச்சு, 1823-க்கு முன்னாடியே உங்க ஆளுங்க இங்க இருந்தாங்களான்னு கேக்கற சட்டம். அதுல இருந்து அடையாள அட்டைதான் வாழ்க்கை, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

நான் பெரியவனா இருந்து கண்ணால பார்த்தது 2012 கடைசியில இருந்து ஆரம்பிச்சது. மேற்குல ராக்கைன் மாநிலத்துல பௌத்தங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த சண்டைக்கு அப்புறம் ரங்கூன்ல டாக்ஸியில, கடைக் கண்ணாடியில எல்லாம் 969-ங்கற பௌத்த இயக்கத்து ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பிச்சாங்க, பௌத்தங்க பௌத்தங்க கடையிலதான் வாங்கணும்னு. பிளாட்பாரத்துல பிரசங்க டிவிடி வித்தாங்க. அப்புறம் 2013 மார்ச் 20, நடு பர்மாவுல மெய்க்தீலாங்கற ஊர்ல கலவரம். ஒரு முஸ்லிம் நகைக்கடையில நகை விக்க வந்தவங்களுக்கும் கடைக்காரங்களுக்கும் சண்டை, அன்னைக்கு சாயந்திரம் ஒரு பொங்கியை, அதாவது புத்த பிக்குவை, பைக்ல இருந்து இழுத்துப் போட்டுக் கொன்னாங்க, அதுக்கப்புறம் மூணு நாள் ஊரு எரிஞ்சுது. நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறைய பேரு ஒரு மதரசாவுல படிச்ச பசங்களும் அவங்க வாத்தியாருங்களும். போலீஸ் பக்கத்துலயே நின்ன வீடியோ எல்லாரும் பார்த்தோம். 22ஆம் தேதி எமர்ஜென்சி போட்டு ராணுவம் இறங்கினதும் அடங்கிருச்சு. அப்ப முதல் நாளே அடக்கியிருக்க முடியும்ல, இந்தக் கேள்வி எனக்கு இன்னும் போகல. வெறுப்பு எல்லா ஊர்லயும் இருக்கு, அதைக் கண்டும் காணாம விடறவங்க மேல இருக்கும்போதுதான் அது தீயா மாறுது.

அதே மெய்க்தீலாவுல யதனா ஊ மடத்து சயாதோ (தலைமை பிக்கு) ஊ விதுத்தா, ஓடி வந்த நூத்துக்கணக்கான முஸ்லிம்களை மடத்துக்குள்ள வச்சுக்கிட்டாரு. கூட்டம் வந்து வெளிய அனுப்புங்கன்னு கேட்டப்ப முதல்ல என்னைக் கொல்லுங்கன்னு நின்னாரு. இவர் பேரை எங்க பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன். காவித்துணியைப் பார்த்தாலே பயப்படற அளவுக்கு சில முஸ்லிம் பிள்ளைங்க போயிருந்த நேரம் அது, 2007-ல இதே காவித்துணி போட்டவங்கதான் ராணுவம் போடற பிச்சை வேணாம்னு பாத்திரத்தைக் கவுத்துப் பிடிச்சு, கருணைச் சூத்திரம் சொல்லிக்கிட்டு எங்க தெரு வழியா நடந்து போனாங்க, பாய்மாருங்க தண்ணி குடுத்தாங்க. மதம் எந்தப் பக்கமும் போகும், யாரு கையில இருக்குன்னுதான் பார்க்கணும்.

மெய்க்தீலா நடந்து ரெண்டு வாரம் கூட ஆகல, ஏப்ரல் 2 விடியக்காலை ரங்கூன்லயே போத்தடவுங் பக்கம் 48ஆம் தெருவுல பள்ளிவாசல் மதரசாவுல தீ, தூங்கிக்கிட்டிருந்த 13 பசங்க செத்துட்டாங்க. கரண்டு கோளாறுன்னு அதிகாரிங்க சொன்னாங்க, பாய்மாருங்க நிறைய பேரு நம்பல, அந்த நேரத்துல யாரு நம்புவாங்க சொல்லுங்க. எங்க தெருவுல இருந்து இந்துக்களும் பர்மாக்காரங்களும் யேவே மையவாடிக்கு அடக்கத்துக்குப் போனோம். காரணம் என்னன்னு அங்க யாரும் வாக்குவாதம் பண்ணல, பிள்ளைங்களைப் பறிகொடுத்தவங்களுக்கு அப்ப தேவைப்பட்டது பக்கத்துல ஆளு. அன்னைக்கு வந்த முகங்களை ஞாபகம் வச்சிருந்ததாலதான் அடுத்து நடந்ததுல எங்க பேச்சு எடுபட்டுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அடுத்து நடந்தது இதுதான். ஒரு நாள் மதியம் பெயிண்ட் கடை பாய் கடையில சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) ஓட்டற சைக்காக்காரர் ஒருத்தர் டப்பா இறக்கிக்கிட்டிருந்தாரு, பர்மாக்காரர், எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சவரு. ஷட்டர் அடியில கட்டைவிரல் மாட்டி நகம் பிஞ்சு ஒரே ரத்தம். கடைப்பையன் அவரைத் தாங்கிப் பிடிச்சு கிளினிக்குக்கு ஓடறான், ரெண்டு பேரு சட்டையிலும் ரத்தம். அவ்வளவுதான் நடந்தது. அரை மணி நேரத்துல கலாப் பையன் (இந்திய வம்சாவளி ஆளுங்களை இங்க மட்டமா சொல்ற வார்த்தை) சைக்காக்காரரைக் குத்திட்டான்னு பக்கத்துத் தெருவுல பேச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளு செத்துட்டாருன்னு ஆயிருச்சு. என் கடைக்கு ஒரு பையன் ஓடி வந்து அண்ணே மூடுங்க மூடுங்கன்றான். பாய் ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்துட்டாரு, அது இன்னும் மோசம், பார்க்கறவங்களுக்குக் குத்தம் பண்ணவன் ஒளிஞ்ச மாதிரி தெரியும்.

அப்ப தெருமுனையில பஜ்ஜி சுடற டோஜி, எங்க எல்லாருக்கும் பெரியம்மா மாதிரி, எண்ணெய்ச் சட்டியை இறக்கி வச்சுட்டு யாரையும் கேக்காம நேரா கிளினிக்குக்குப் போச்சு. அங்க சைக்காக்காரர் கட்டுப் போட்டு உக்காந்திருக்காரு. அவரை அவரோட சைக்காவுலயே உக்கார வச்சு, வேற ஒருத்தரை மிதிக்கச் சொல்லி, தெரு முழுக்க ஒரு சுத்து சுத்தி, டீக்கடையில முன்வரிசை மேசையில கொண்டு வந்து உக்கார வச்சுது. ஒரு கையில பெரிய கட்டு, இன்னொரு கையில டீ கிளாஸ். வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் அவரு முதல்ல இருந்து சொல்றாரு, ஷட்டர்ல மாட்டிச்சு, இந்தப் பையன்தான் தூக்கிட்டுப் போனான்னு, பையனும் அதே மேசையில உக்காந்திருக்கான். சாயந்திரம் வேற தெருப் பசங்க கொஞ்சம் பேரு கட்டையோட வந்தாங்க. செத்தவரு டீ குடிச்சுக்கிட்டிருக்காரு. கொஞ்ச நேரம் நின்னாங்க, ஒருத்தன் போய் விரலைப் பார்த்தான், திரும்பிப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே டீக்கடையில உக்காந்து பேசினோம். எங்க தெருவுக்கு அதுல இருந்துதான் சில பழக்கம் வந்துச்சு. எந்தப் பேச்சு காதுல விழுந்தாலும் முதல் வேலை, ரெண்டு பேரு அந்த இடத்துக்கே போறது, ரெண்டு மதத்துல இருந்து ஒவ்வொருத்தர். ஒருத்தர் மட்டும் போனா அவரு வந்து சொல்றதை மத்த பக்கம் நம்பாது. ஆஸ்பத்திரின்னா ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன்னா வாசல் வரைக்கும். திரும்பி வந்து நான் பார்த்தேன்னு சொல்லணும், பார்க்காததை சொல்லவே கூடாது. அடிபட்டவரு உயிரோட இருந்தா, அவருக்கு சம்மதம்னா, ஊரு பார்க்க வெளிய உக்கார வைக்கறது. பெரியவங்க மைக் புடிச்சு அமைதி காக்கவும்னு சொல்றதை விட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

கடை விஷயத்துலயும் முடிவு பண்ணோம், மூடினா எல்லாரும் மூடறது, திறந்தா எல்லாரும் திறக்கறது. ஒரு மதத்துக்காரங்க கடை மட்டும் மூடியிருந்தா அது கூட்டத்துக்கு அடையாளம் காட்டற மாதிரி ஆயிரும். தெரு லைட் எரியணும், எரியலன்னா வீட்டு வாசல் லைட்டை எல்லாரும் போடணும். பசங்க கையில கட்டை, கத்தி குடுக்கவே கூடாதுன்னு எங்க பக்கத்து மடத்து சயாதோ ஒத்தைக் கால்ல நின்னாரு, தற்காப்புக்குன்னு வாதாடினவங்க இருந்தாங்க, ஆனா கையில கட்டை இருந்தா எதிர்ல வர்றவனுக்கு நீயும் ஒரு கூட்டம்தான், போலீஸ் வந்தா உன்னைத்தான் புடிக்கும். கூட்டம் வந்தா நடுவுல சத்தம் போடறவன்கிட்ட பேசறதுல பிரயோஜனம் இல்ல, ஓரத்துல வேடிக்கை பார்க்க வந்தவங்ககிட்ட பேசணும், தம்பி உங்க அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிட்டியான்னு. பேரு சொல்லிக் கூப்பிட்டா பாதிப் பேரு நழுவிருவான். இந்த வேலையை வயசான பொம்பளைங்க செஞ்சா நல்லா நடக்கும், இங்க பர்மாவுல அவங்களுக்கு மரியாதை ஜாஸ்தி.

இதெல்லாம் பிரச்சனை வந்த அன்னைக்குப் பழகி வராது. சயாதோ எங்க கூட வந்து நின்னாருன்னா அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா பௌர்ணமிக்கு கோயில்ல இருந்து மடத்துக்கு அரிசி போயிருக்கு, மடத்துல சின்ன பசங்களுக்குக் காய்ச்சல்னா பாய் மருந்துக்கடை கடன் குடுத்திருக்கு.

அடுத்த வருஷம் 2014 ஜூலையில மாண்டலேயில கலவரம். டீக்கடை வச்சிருந்த முஸ்லிம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு வேலைக்காரப் பொண்ணைக் கெடுத்துட்டாங்கன்னு ஃபேஸ்புக்ல ஒரு பதிவு, பேரு பெத்த பொங்கி ஒருத்தரும் அதைப் பகிர்ந்தாரு. ரெண்டு பேரு செத்தாங்க, ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் பௌத்தர். அப்புறம் அந்தப் புகாரே பொய், காசு குடுத்து சொல்ல வச்சதுன்னு அரசாங்கமே அறிவிச்சுது. அதுக்கு அடுத்த மாசத்துல இருந்து சிம் கார்டு 1500 சாட்டுக்கு வந்துச்சு, அது வரைக்கும் போன் பணக்காரங்க சாமான், இப்ப எல்லார் கையிலும் ஃபேஸ்புக். கிளினிக்குக்கு நடந்து போய் வர்ற நேரத்துக்குள்ள ஊரு பூரா போயிருது. அதனால நாங்க ஒண்ணு சேர்த்துக்கிட்டோம், பக்கத்து ஏரியாக்கள்ல நம்பிக்கையான ஒருத்தர் நம்பர் எழுதி வச்சு, எந்தப் படம் வந்தாலும் அங்க இருக்கறவர்கிட்ட பேசி, அதுக்கப்புறம்தான் அடுத்தவங்ககிட்ட வாயைத் திறக்கறது. பாதிப் படம் வேற நாட்டுது, பழசு.

இப்ப எனக்கு ரொம்ப வலிக்கற விஷயத்துக்கு வர்றேன். 2013-ல கோயில்ல ஒரு கூட்டம் போட்டாங்க. சில பேரு சொன்னாங்க, நாம கடைக்கு முன்னாடி பௌத்தக் கொடி கட்டுவோம், இது இந்து கடைன்னு பர்மிய எழுத்துல போர்டு வைப்போம், கூட்டம் வந்தா தெரியட்டும், நாம வேற அவங்க வேறன்னு. பயத்துல சொன்னாங்க, பயம் நியாயமானது, கறுத்த மூஞ்சியைப் பார்த்தா கல்லெறியறவன் நெத்தியில விபூதி இருக்கான்னு பார்க்க மாட்டான். பெரியவர் ஒருத்தர் எழுந்து, 1930-ல அடிச்சவன் நீ தெலுங்கா தமிழா இந்துவா முஸ்லிமான்னு கேக்கலப்பா, இன்னைக்கு பாயை விட்டுக் குடுத்தா நாளைக்கு உனக்கு யாருன்னு கேட்டாரு. கோயில் சார்பா எதுவும் வைக்கறதில்லன்னு முடிவாச்சு. ஆனா சில கடைக்காரங்க தனியா வச்சாங்க. அதுல ஒரு கடைக்கு எதிர்ல பாய் கடை, ஒரே கிணத்துத் தண்ணி குடிச்ச குடும்பம், காலையில ஷட்டரைத் தூக்கிட்டு அந்த போர்டைப் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லல. போர்டை ரெண்டு மாசத்துல எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இன்னைக்கு வரைக்கும் கல்யாணப் பத்திரிகை போறதில்ல.

2017-க்கு அப்புறம் இந்தப் பேச்சு இன்னும் கூடிருச்சு. ஆகஸ்ட்ல ராக்கைன் வடக்குல ஆர்சாங்கற ரோஹிங்கியா ஆயுதக் குழு ஆளுங்க போலீஸ் காவல் நிலையங்களைத் தாக்கின சமயத்துலயே இந்து கிராமத்து ஜனங்களையும் கொன்னாங்க, ஆம்னெஸ்டிங்கற மனித உரிமை அமைப்பு 2018-ல விட்ட அறிக்கையில 99 பேர் வரைக்கும்னு இருக்கு. அவங்க தமிழங்க இல்ல, ஆனா சாமி கும்பிடற ஜனங்க, பொம்பளைங்க, பிள்ளைங்க. கோயில்ல விளக்கேத்தி அழுதோம். அந்தக் கொலையை யாரும் சின்னதாக்கிப் பேசக் கூடாது, பாய்மாருங்க கிட்டயே நான் இதைச் சொல்லியிருக்கேன், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. அதே நேரத்துல ராணுவம் கிராமம் கிராமமா எரிச்சு ஏழு லட்சம் ரோஹிங்கியா முஸ்லிம்களை பங்களாதேஷுக்கு விரட்டுச்சு. அந்த இந்துப் பிணங்களைக் காட்டி இதை நியாயப்படுத்த வந்தாங்க, நம்ம ஆளுங்க சில பேரும் தலையாட்டினாங்க. செத்தவங்களுக்கு நீதி கேக்கறது வேற, அவங்க பேரைச் சொல்லி இன்னொரு ஊரை எரிக்க சம்மதிக்கறது வேற. இதுல எனக்கு சமரசம் கிடையாது.

அதே 2017 ஜனவரி 29-ல வக்கீல் ஊ கோ நீயை ரங்கூன் ஏர்போர்ட் வாசல்ல பேரனைத் தூக்கி வச்சிருக்கும்போது சுட்டாங்க. முஸ்லிம், ஆங் சான் சூ கீ கட்சிக்கு சட்ட ஆலோசகர். சுட்டவனைத் துரத்திப் புடிக்கப் போன டாக்ஸி டிரைவர் ஊ நே வின், பௌத்தர், அவரும் சுடப்பட்டு செத்தாரு. கையில ஒண்ணும் இல்லாம துப்பாக்கிக்காரன் பின்னாடி ஓடின மனுஷன். அவரோட குடும்பத்துக்கு உதவி பண்ணணும்னு எங்க தெருவுல எல்லாப் பக்கமும் காசு சேர்த்தாங்க, யாரும் கேட்டு வாங்கல, தானா குடுத்தாங்க.

2021 பிப்ரவரி 1 ராணுவம் ஆட்சியைப் புடிச்சதும் எல்லாம் தலைகீழா மாறிருச்சு. எதிர்ப்புக் காட்ட ராத்திரி எட்டு மணிக்கு தட்டு, சட்டி தட்டற சத்தம், எந்த வீட்ல எந்த சாமி படம்னு அந்தச் சத்தத்துல தெரியாது. 8ஆம் தேதி ஊரடங்கு, ராத்திரி எட்டுல இருந்து விடியக்காலை நாலு, அஞ்சு பேருக்கு மேல கூடக் கூடாது. 12ஆம் தேதி ஜெயில்ல இருந்து 23,000 பேருக்கு மேல விடுதலைன்னு அறிவிச்சாங்க, அன்னைக்கு ராத்திரியே தீ வைக்க ஆளு அனுப்பறாங்க, தண்ணித் தொட்டியில விஷம் கலக்கறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. 1988 போராட்டத்தப்பவும் இப்படித்தான் நடந்துச்சுன்னு பெரியவங்க சொன்னதால பயம் ரெண்டு மடங்கு. தெருத் தெருவா காவல் போட்டாங்க, நாங்களும் போட்டோம்.

அதுல ஒரு ராத்திரி எங்க பசங்க ஒரு பையனைப் புடிச்சுக் கொண்டு வந்தாங்க. பையில கத்தி மாதிரி ஒண்ணு இருக்கு, கேட்டா உளர்றான், உடம்பு நடுங்குது. நாலு பேரு கை ஓங்கிட்டாங்க. காவலுக்கு நாங்க முன்னாடியே போட்ட கட்டுப்பாடு இருந்துச்சு, குடிச்சவன் காவலுக்கு வரக் கூடாது, எல்லா மதத்து ஆளும் கலந்து இருக்கணும், புடிச்ச ஆளை உக்கார வச்சு தண்ணி குடுத்துட்டு ஒருத்தர் மட்டும்தான் கேள்வி கேக்கணும். பெயிண்ட் கடை பாயோட மச்சான் கேட்டாரு, பொறுமையா. பேக்கரில வேலை பார்க்கற பையன், ஊரடங்கு நேரம் தாண்டிருச்சு, சிப்பாய்ங்களைப் பார்த்துட்டு சந்து சந்தா ஓடியிருக்கான், பையில இருந்தது ரொட்டி வெட்டற கத்தி. மடத்துல படுக்க வச்சு காலையில அனுப்பினோம். அடிச்சிருந்தா அடுத்த நாள் அவங்க தெருக்காரங்க வந்திருப்பாங்க.

மார்ச்ல ராணுவத்துக்காரங்க காவல் போட்டவங்களையே தேடி வர ஆரம்பிச்சாங்க. ரங்கூன் பபேதான் பகுதியில சூ கீ கட்சியோட வார்டு தலைவரா இருந்த ஊ கின் மாவ்ங் லாட், அவரும் முஸ்லிம்தான், ராத்திரி கூட்டிட்டுப் போனாங்க, மறுநாள் பிணமாத்தான் குடுத்தாங்க. அவர் ஜனாஸாவுல தொப்பி போட்டவங்க கூட பர்மாக்காரப் பசங்க கையை உயர்த்தி நின்னாங்க. ரோஹிங்கியாங்க விஷயத்துல நாங்க பேசாம இருந்துட்டோம் மன்னிச்சிருங்கன்னு எத்தனையோ பர்மாக்காரப் பிள்ளைங்க அந்த வருஷம் ஃபேஸ்புக்ல எழுதினாங்க. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அட்டை விஷயம் சொல்றேன்னேன். அடையாள அட்டையும் குடும்ப லிஸ்ட்டும் ஒரே இடத்துல வைக்காதீங்க, காப்பி எடுத்து வேற ஊர்ல ஒரு சொந்தக்காரர் கிட்ட குடுத்து வைங்க. தீ பிடிச்சா நகை திரும்ப சம்பாதிக்கலாம், அட்டை போச்சுன்னா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அஞ்சு தலைமுறையா இங்க இருந்தோம்னு நிரூபிக்கவே ஆயுசு போயிரும். வீட்டுக்கு யாராவது தங்க வந்தா வார்டு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்ங்கற சட்டம் 2021 பிப்ரவரியில திரும்ப வந்துச்சு, எழுதாம விட்டா விருந்தாளிக்கும் நமக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. ராத்திரி கதவு தட்டினா ஓடக் கூடாது, லைட்டைப் போட்டு, வீட்ல வயசானவங்க யாராவது முதல்ல பேசறது, பசங்க கையில போன் இல்லாம பின்னாடி நிக்கறது. வெளிய போகும்போது போனை வழியில செக் பண்ணுவாங்க, ஒரு படம், தடை பண்ண சைட்டைத் திறக்கற ஒரு விபிஎன் போதும் உள்ள தள்ள, அதனால வீட்ல ஒரு போன், ரோட்டுக்கு ஒரு பழைய போன். பத்து வீட்டுத் தலைவர், நூறு வீட்டுத் தலைவர் யாரு, அவரு எப்படிப்பட்டவருன்னு வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

2025 மார்ச் 28 நில நடுக்கம், வெள்ளிக்கிழமை, நோன்பு மாசத்தோட கடைசி ஜும்ஆ. மாண்டலே, சகாயிங் பக்கம் தொழுகை நேரத்துல பழைய பள்ளிவாசல்ங்க இடிஞ்சு விழுந்து நூத்துக்கணக்குல செத்தாங்க, மடங்களும் இடிஞ்சு பொங்கிங்க செத்தாங்க. எங்க தெருவுல இருந்து லாரியில அரிசி, தண்ணி அனுப்பினோம், லாரி கூட போனது ரெண்டு பாய், ஒரு பர்மாக்கார டிரைவர், கோயில் பூசாரி மகன்.

இப்ப உள்ள கஷ்டம் வேற. 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவச் சட்டத்தை அமல் பண்ணாங்க, ஆம்பளைப் பசங்க 18-ல இருந்து 35 வரைக்கும். தெருவுல பசங்களே இல்ல, தாய்லாந்து போனவன் போனான், மத்தவங்க வீட்டை விட்டு வெளிய வர்றதில்ல. விசாரிக்க ஓடற வேலையை அவங்கதான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. அதனால நம்பர் லிஸ்ட்டை சமீபத்துல திருப்பி எழுதினோம், இப்ப அதுல முக்கால்வாசி பொம்பளைங்க, பஜ்ஜிக்கடை டோஜியோட மருமக, ஹஜரத் வீட்டம்மா, ரிட்டயர் ஆன பர்மிய டீச்சர் ஒருத்தங்க, என் சம்சாரம். பள்ளிவாசல் பக்கத்துச் சந்துக்கு மட்டும் இன்னும் ஆளு கிடைக்கல, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஹஜரத்கிட்ட கேக்கறதா இருக்கேன்.